எரிசாராயத்திலிருந்து பெட்ரோலுக்கு: ஓர் ஊதியின் இடமாற்றம்

அமெரிக்காவில் நடக்கும் 'டிராக் ரேஸ்' பந்தயத்தை நம்மில் பலர் காணொளியிலாவது பார்த்திருப்போம். வளைவே இல்லாத நேர்ச்சாலை. தூரம் கால் மைல், அதாவது ஏறக்குறைய 402 மீட்டர். மெத்தனாலில் ஓடும் 'டாப் ஆல்கஹால் ஃபன்னி கார்' வகை வண்டிகள் இந்தத் தூரத்தை ஐந்து விநாடி சொச்சத்தில் கடந்துவிடுகின்றன. முடிவுக்கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இத்தகைய வண்டிகளின் என்ஜின் தலையில், பெரிய ரொட்டித் துண்டு அளவில், ஓர் உலோகப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் முகப்பில் அகலமான பல்பெல்ட் ஒன்று சுழலும். அந்தப் பெட்டிதான் சூப்பர்சார்ஜர். என்ஜின் தானாக உறிஞ்சக்கூடிய காற்றைவிட அதிகமான காற்றை அதற்குள் திணிப்பது அதன் வேலை. அமெரிக்கப் பட்டறைகளில் இதனை 'புளோவர்' என்பார்கள். நம் கொல்லர்கள் துருத்தி வைத்து உலையை ஊதியதை நினைவில் கொண்டு, இக்கட்டுரையில் இதனை 'ஊதி' என்றே அழைக்கிறேன்.

பந்தயக்காரர்கள் பெரிய ஊதிக்கு மாறும்போது பழையது விற்பனைக்கு வருகிறது. புதியதைவிட மிக மலிவு. வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய வி8 பெட்ரோல் என்ஜினை வைத்திருப்பவர் அதை வாங்கி வந்துவிடுகிறார். அப்படியே மாட்டி ஓட்டலாமா?

மாட்டலாம், அப்படியே ஓட்ட முடியாது. அந்த ஊதி இதுவரை எரிசாராயத்தோடு வாழ்ந்தது. எரிசாராயம் அதற்கு வெறும் எரிபொருளாக மட்டும் இருக்கவில்லை. குளிரூட்டியாகவும், இடைவெளிகளை அடைக்கும் பூச்சாகவும், என்ஜினைக் காக்கும் காவலாகவும் இருந்தது. பெட்ரோலுக்கு மாறும்போது இந்த மூன்றையும் ஒரே நாளில் இழக்கிறோம். இழந்ததை எப்படி ஈடுகட்டுவது என்பதே இந்த மாற்று வேலையின் சாரம்.

ஊதி பிறந்த கதை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் கம்பளி ஆலை நடத்திவந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். முதலில் இது உலைகளுக்குக் காற்று ஊதத்தான் பயன்பட்டது. ஆக, துருத்தி என்ற ஒப்புமை வெறும் அலங்காரமல்ல!

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1938-இல் '71 வரிசை' டீசல் என்ஜின்களை வெளியிட்டபோது ரூட்ஸ் ஊதி பெரிய அளவில் பரவியது. இவை இரண்டு வீச்சு என்ஜின்கள். ஊதியின் துணையின்றி இவற்றால் மூச்சே விட முடியாது. 6-71 என்றால் ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்று பொருள். லாரிகளிலும் பேருந்துகளிலும் இரண்டாம் உலகப் போரின் தரையிறங்கு படகுகளிலும் இந்த என்ஜின்கள் ஓடின. போருக்குப் பின் பழைய இரும்புக் கடைகளில் குவிந்த அவற்றின் ஊதிகளை இளைஞர்கள் கழற்றிப் பெட்ரோல் என்ஜின்களின் மேல் மாட்டினார்கள். இன்று பந்தயத்தில் பேசப்படும் '14-71' என்பது அதே பெயர் மரபில் வந்த பெரிய ஊதி. அந்தப் பெயரில் டீசல் என்ஜின் எதுவும் இருந்ததில்லை.

ஊதியின் உள்ளே இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. மேலிருந்து வரும் காற்று சுழலிக்கும் உறைக்கும் இடையிலுள்ள குழியில் சிக்கி, சுவரோரமாகப் பயணம் செய்து கீழே கொட்டப்படுகிறது. இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ரூட்ஸ் ஊதி தன் வயிற்றுக்குள் காற்றை அமுக்குவதில்லை, தள்ளுகிறது, அவ்வளவுதான். கே.எல். சென்ட்ரலில் மாலை ஐந்தரை மணிக்கு ஏற்கனவே நிரம்பிய ரயில் பெட்டிக்குள் இன்னும் பத்துப் பேரைத் தள்ளினால் என்ன நடக்கும்? உள்ளே இருப்பவர்கள் எதிர்த்துத் தள்ளுவார்கள். அதுபோலவே, குழியின் வாய் கீழே திறக்கும் கணத்தில், அங்கே நெருக்கியடித்து நிற்கும் சூடான காற்று எதிர்த்துப் பாய்கிறது. இந்த முட்டல் மோதலில் உழைப்பின் பெரும் பகுதி வெப்பமாக வீணாகிறது. திருகு வகை ஊதிகள் உள்ளேயே அமுக்குவதால் இந்த நட்டம் அவற்றில் குறைவு.

வெப்பம் எவ்வளவு? நம் நாட்டு வெயிலில் 30 பாகை செல்சியஸ் காற்றை எடுத்துக்கொள்வோம். அதன் அழுத்தத்தை இரு மடங்காக்கினால், நட்டமே இல்லாத கற்பனைக் கருவியில்கூட அது 96 பாகைக்கு ஏறும். ஐம்பது விழுக்காட்டுத் திறனுடைய ரூட்ஸ் ஊதியில் அதே காற்று 163 பாகையை எட்டிவிடும். தண்ணீர் கொதிக்கும் நிலையைத் தாண்டிய காற்று என்ஜினுக்குள் போகிறது. இதற்குப் பிறகுதான் பிஸ்டன் அதை இன்னும் அமுக்கப்போகிறது.

மெத்தனால் செய்யும் மாயம்

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம்மில் பலர், இயற்பியல் பாடத்தில் 'ஹாபா பெண்டாம்' என்று மலாயில் மனப்பாடம் செய்திருப்போம். தமிழில் அது உள்ளுறை வெப்பம். திரவம் ஆவியாகும்போது, வெப்பநிலை உயராமலேயே சுற்றுப்புறத்திலிருந்து விழுங்கும் வெப்பம். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதுதான் இது. மெத்தனால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1100 கிலோஜூல் விழுங்குகிறது. பெட்ரோல் 350 அளவில் நின்றுவிடுகிறது. மூன்று மடங்கு வித்தியாசம்.

ஆனால் உண்மையான வித்தியாசம் மூன்று மடங்கோடு முடிவதில்லை. ஒரு கிலோ காற்றைச் சரியாக எரிக்க, பெட்ரோல் என்றால் 68 கிராம் போதும். மெத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்திருப்பதால் 155 கிராம் வேண்டும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஒரு கிலோ காற்றிலிருந்து பெட்ரோல் விழுங்கும் வெப்பம் 24 கிலோஜூல். மெத்தனால் விழுங்குவது 170 கிலோஜூல். ஏழு மடங்கு! பந்தயக்காரர்கள் தேவைக்கு மேலேயே மெத்தனாலை ஊற்றுவதால் நடைமுறையில் இது இன்னும் கூடும்.

170 கிலோஜூல் என்பது ஒரு கிலோ காற்றை ஏறக்குறைய 170 பாகை குளிர்விக்கும் அளவு. மெத்தனால் முழுவதும் காற்றிலேயே ஆவியாகிவிடாது. ஒரு பகுதி துளிகளாகவே சிலிண்டருக்குள் போய், அங்கே வால்வுகளின் சூட்டையும் பிஸ்டனின் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். எப்படியாயினும், 163 பாகைச் சூட்டில் பெரும்பங்கை எரிபொருளே தின்றுவிடுகிறது. பெட்ரோல் தன்னால் ஆன முயற்சியை எல்லாம் செய்தாலும் 140 பாகைக்குக் கீழே அதனால் இறக்க இயலாது.

எரியும்போது கிடைக்கும் ஆற்றலும் அதிகமோ என்ற ஐயம் எழலாம். ஒரு கிலோ காற்றுக்கு மெத்தனால் தருவது சுமார் 3.1 மெகாஜூல், பெட்ரோல் தருவது சுமார் 3.0. கிட்டத்தட்ட சமம்தான். மெத்தனால் பந்தய வண்டியின் பலத்தில் பெரும்பங்கு அதன் நெருப்பிலிருந்து வரவில்லை, அதன் குளிர்ச்சியிலிருந்து வருகிறது. இந்த உண்மையை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எரிசாராயம் என்று நான் எழுதுவதைக் குடிக்கும் சாராயத்தோடு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெத்தனால் நஞ்சு. சிறிதளவே கண்ணைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டது நமக்குத் தெரிந்த செய்தி. அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பது இன்னோர் ஆபத்து. வாங்கி வந்த ஊதியில் பழைய மெத்தனால் தங்கியிருக்கலாம். கையுறை இல்லாமல் அதைப் பிரிப்பது அறிவுடைமை அல்ல.

வரலாற்றில் ஒரு சான்று

ஊதியையும் எரிசாராயத்தையும் பிரிக்க முடியாத தம்பதியாக்கியது அமெரிக்கா மட்டுமல்ல. ஐரோப்பாவின் கிராண்ட் பிரி கார்கள் 1930-களிலேயே இந்த வழியில் சென்றன. அதன் உச்சம் 1951-இன் ஆல்ஃபா ரோமியோ 159. வெறும் 1.5 லிட்டர் என்ஜின், இரண்டு கட்ட ரூட்ஸ் ஊதி, 400 குதிரைத்திறனுக்கு மேல். ஆனால் ஒரு லிட்டர் எரிபொருளில் அது ஒரு கிலோமீட்டர்கூட ஓடாது. எரிபொருளையே குளிர்நீராகவும் செலவழித்ததன் விலை அது. அவ்வாண்டு ஜூலையில் சில்வர்ஸ்டோனில், ஊதியே இல்லாத 4.5 லிட்டர் ஃபெராரியில் கோன்சாலஸ் அதைத் தோற்கடித்தார்.

1958-இல் ஃபார்முலா 1 விதிகள் எரிசாராயத்தை விலக்கி, விமானப் பெட்ரோலைக் கட்டாயமாக்கின. அதுவரை மெத்தனாலின் குளிர்ச்சியில் உயிர்வாழ்ந்த பிரிட்டனின் வான்வால் என்ஜினுக்கு ஊதி கிடையாது. அப்படியிருந்தும் அது பலத்தை இழந்தது, சூட்டோடு போராட வேண்டியிருந்தது. திருத்தியமைத்துத்தான் அந்த ஆண்டின் முதல் தயாரிப்பாளர் வாகையை வான்வால் வென்றது. ஊதியில்லாத என்ஜினுக்கே இந்தப் பாடு என்றால், ஊதியுள்ளதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்து மேய வேண்டும்

இனிக் கொட்டகைக்குத் திரும்புவோம். முதல் வேலை ஊதியை முழுவதுமாகப் பிரிப்பது. பந்தய ஊதிகளின் உறை பெரும்பாலும் மக்னீசியத்தாலோ அலுமினியத்தாலோ ஆனது. மெத்தனாலும் அது ஈர்த்துவைத்த ஈரமும் இந்த உலோகங்களை அரிக்கும். வெண்மையான பொடி படிந்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்தது இடைவெளி. இதைத்தான் புதியவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். மெத்தனால் சுழலிகளின் மேலேயே தெளிக்கப்படுவதால் அவை குளிர்ந்த நிலையில் ஓடுகின்றன. எனவே பந்தய ஊதியில் சுழலிக்கும் உறைக்கும் இடையே மிக இறுக்கமான இடைவெளி வைப்பார்கள். பின்னோக்கிக் கசியும் காற்றைத் தடுக்கச் சுழலியின் விளிம்புகளில் டெஃப்லான் பட்டைகளையும் பதிப்பார்கள். ஈரமான எரிபொருளும் எஞ்சிய சந்துகளை அடைத்துக்கொடுக்கும். பெட்ரோலுக்கு மாறினால் சுழலி சுடும், சுட்டால் விரியும். அலுமினியம் ஒரு பாகைக்கு ஒரு மீட்டரில் 0.023 மில்லிமீட்டர் விரிகிறது. 38 சென்டிமீட்டர் நீளமுள்ள சுழலி, வெளிக்காற்று படும் உறையைவிட 60 பாகை அதிகச் சூட்டில் இருந்தால், நீளவாக்கில் அரை மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருக்கும். விட்டம் 15 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு விளிம்பும் 0.1 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். இருக்கும் இடைவெளியே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான்! சுழலி உறையை உரசும். உரசினால் இன்னும் சுடும். சுட்டால் இன்னும் விரியும். இறுதியில் அது உறைக்குள் இறுகிக்கொள்ளும், அல்லது அலுமினியச் சீவலைச் சிலிண்டர்களுக்குள் கொட்டும்.

எனவே அந்த ஊதியை வேலை தெரிந்த பட்டறையில் கொடுத்து, பெட்ரோலுக்கு ஏற்ற இடைவெளியில் மறுபடி அமைக்கச் சொல்ல வேண்டும். சாலையில் ஓடப்போகும் ஊதிக்குப் பலர் டெஃப்லான் பட்டைகளை விட்டுவிடுகிறார்கள். சில விநாடிப் பந்தயத்துக்கு ஏற்ற பட்டை, மணிக்கணக்கான பயணத்தில் தேய்ந்துபோகும். கசிவு கொஞ்சம் கூடும்தான். சாலை வண்டிக்கு அது தாங்கும்.

ரப்பர் வளையங்களை மறக்கக் கூடாது. மெத்தனாலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும் ஈ.பி.டி.எம். ரப்பர், பெட்ரோல் பட்டால் ஊதிப் பெருத்து இளகிவிடும். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும் அவற்றைக் கழற்றிவிட்டு, நைட்ரைல் போன்ற பெட்ரோலைத் தாங்கும் வகையைப் போட வேண்டும். சில வெள்ளி மதிப்புள்ள வளையம் கசிந்தால், சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும்.

கப்பிக் கணக்கு

தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த கப்பி இங்கே கைகொடுக்கிறது. கீழே என்ஜின் தண்டில் ஒரு பல்கப்பி, மேலே ஊதியில் ஒரு பல்கப்பி. கீழே 60 பல், மேலே 50 பல் என்றால், என்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது ஊதி 1.2 சுற்று சுற்றும். பந்தயத்தில் இப்படித்தான் ஊதியை என்ஜினைவிட வேகமாக ஓட்டுவார்கள்.

5 லிட்டர் என்ஜின் ஒன்றை வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு என்பதால் ஒரு சுற்றுக்கு அது 2.5 லிட்டர் காற்றை விழுங்கும். ஊதி ஒரு சுற்றுக்கு 5 லிட்டர் தள்ளுவதாகக் கொண்டால், 1.2 விகிதத்தில் 6 லிட்டர் வந்து சேரும். 2.5 லிட்டர் இடத்தில் 6 லிட்டர், அதாவது 2.4 மடங்கு. கசிவையும் சூட்டையும் நான் இதில் சேர்க்கவில்லை. போக்கைப் புரிந்துகொள்ள இது போதும். பெட்ரோலுக்கு இந்த அழுத்தம் தற்கொலை. கீழே 36 பல், மேலே 48 பல் போட்டால் விகிதம் 0.75. வருவது 3.75 லிட்டர், 1.5 மடங்கு. அழுத்தமானியில் சுமார் 0.5 பார், பழைய கணக்கில் 7 பி.எஸ்.ஐ. தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

என்ஜினின் அமுக்க விகிதத்தோடு இதைப் பெருக்கிப் பார்ப்பது அமெரிக்கப் பட்டறைகளின் கைக்கணக்கு. பெருக்குத்தொகை 12-ஐத் தாண்டாமல் இருந்தால் பங்க் பெட்ரோலில் பிழைக்கலாம் என்பார்கள். அமுக்க விகிதம் 8 என்றால் 8 × 1.5 = 12. விகிதம் 10 உள்ள என்ஜின் என்றால் குழிவான பிஸ்டன்களை மாற்றிப் போட்டுக் குறைக்க வேண்டும், அல்லது ஊதியை இன்னும் மெதுவாக ஓட்ட வேண்டும். இது அறிவியல் விதியல்ல, அனுபவ வேலி. ஆனால் வேலிக்குக் காரணம் உண்டு. அளவுமீறிய சூட்டிலும் அழுத்தத்திலும் பெட்ரோல் கலவை, தீப்பொறியின் சுவாலை வந்து சேருமுன் தானாகவே வெடிக்கும். பட்டறையில் 'நாக்கிங்' என்பது இதுதான். காதுக்கு லேசான டிக் டிக் ஒலி. பிஸ்டனுக்குச் சம்மட்டி அடி. நம் நிலையங்களில் கிடைக்கும் ரோன் 95, 97 பெட்ரோலைவிட மெத்தனால் இதை எதிர்ப்பதில் வலியது. அதோடு சிலிண்டரையும் குளிர்விக்கிறது.

தீப்பொறி நேரத்தையும் இதற்கேற்பத் தாமதப்படுத்த வேண்டும். ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஒரு பாகை என்பது பலரும் தொடங்கும் கணக்கு.

எரிபொருள் ஊட்டுவது எப்படி?

மெத்தனால் வண்டியின் நாசில்களை அப்படியே வைத்துப் பெட்ரோலை அனுப்பினால் என்ஜின் மூழ்கிவிடும். அதே காற்றுக்குப் பாதிக்கும் குறைவான எரிபொருளே போதும். அழுத்தத்தில் ஓடும்போது சற்றுச் செழுமையாக, 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவில் வைத்தாலும், கிலோவுக்கு 83 கிராம்தான். நாசில்களை மட்டும் சிறிதாக்கினால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பந்தயத்தின் இயந்திர ஊட்டமுறை, முழு வேகத்துக்கென்றே பிறந்தது. போக்குவரத்து விளக்கில் அமைதியாக நிற்க அதற்குத் தெரியாது.

ஆகவே இரண்டு வழிகள். ஒன்று, ஊதியின் மேல் கார்புரேட்டர் வைப்பது. பெட்ரோல் சுழலிகளை நனைத்துக்கொண்டு போவதால் சிறிதளவு குளிர்ச்சியாவது மிஞ்சும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அதிகச் சுமையில் கூடுதல் பெட்ரோல் திறந்துவிடும் வால்வு, வெற்றிடத்தை அளந்து வேலை செய்வது. ஊதிக்கு மேலே வெற்றிடம் இருந்துகொண்டே இருக்கும்போது, கீழே அழுத்தம் எகிறிக்கொண்டிருக்கும். மேலே அளந்தால் வால்வு ஏமாந்துபோய் மூடியே கிடக்கும். என்ஜின் மிக வறட்சியான கலவையில் எரியும். அளவுக் குழாயை ஊதிக்குக் கீழே இணைத்த கார்புரேட்டர்தான் வேண்டும்.

மற்றொன்று, மின்னணு ஊட்டத்தால் ஒவ்வொரு சிலிண்டர் வாசலிலும் பெட்ரோலைத் தெளிப்பது. அளவு துல்லியம், நாக்கிங்கைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்வாங்கும் வசதியும் உண்டு. ஆனால் சுழலிகள் வறண்டு ஓடுவதால் சூடு இன்னும் கூடும். அதனால் ஊதிக்குக் கீழே தண்ணீரால் குளிரூட்டப்படும் இன்டர்கூலர் ஒன்றை வைக்கிறார்கள். என் கணிப்பில், காசு இருப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி.

கழற்றி எறிந்த மெத்தனாலைச் சிறிய அளவில் திரும்ப அழைக்கும் வழியும் ஒன்று உண்டு. பெட்ரோலில் ஓடும் என்ஜினுக்கு, அழுத்தம் ஏறும்போது மட்டும் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தூவுவது. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் ஜெர்மானியப் போர் விமானங்கள் ஏறக்குறைய சரிபாதிக் கலவையை இப்படிப் பயன்படுத்தின. 1962-இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காருக்கென்று இதே கலவை தனிப் புட்டியில் வந்தது. அது டர்போ கார். என்றாலும் பிரச்சினை ஒன்றே. அதன் உரிமையாளர்கள் பலர் புட்டியை நிரப்ப மறந்தார்கள். மனிதனின் நினைவை நம்பிக் குளிரூட்டியை அமைப்பதில் உள்ள சிக்கல் அது.

ஊதியின் அடியில் உள்ள வெடிப்பு வால்வை எந்த நிலையிலும் அகற்றக் கூடாது. சிலிண்டரின் தீ பின்னோக்கி வந்தால், ஊதிக்குக் கீழே தேங்கி நிற்கும் கலவை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். வால்வு திறந்து வழிவிடாவிட்டால் உறையே துண்டு துண்டாகப் பறக்கும். பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் சாலை வண்டியில் இப்படி என்ஜினை மாற்ற ஜே.பி.ஜே. அனுமதியும் வேண்டும்.

இந்த மாற்றத்தில் கிடைக்கும் இலாபங்களும் உண்டு. குளிர்ந்த மெத்தனால் என்ஜின் எளிதில் பற்றாது. பந்தயக்காரர்களே புட்டியிலிருந்து பெட்ரோலைப் பீய்ச்சித்தான் கிளப்புகிறார்கள். என்ஜின் எண்ணெயோடு மெத்தனால் கலந்து பால்போல் வெளுப்பதும், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் குழாய்களைக் கழுவுவதும் இனி இல்லை.

எல்லாம் பூட்டிய பிறகு, 0.75 விகிதத்திலேயே முதல் சோதனை. கலவை அளக்கும் உணரியைப் புகைக்குழாயில் பொருத்தி, படிப்படியாகச் சுமை ஏற்ற வேண்டும். நிறுத்தியதும் தீப்பொறிக் கட்டைகளைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள்போல் புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. பிறகு மேல்மூடியைத் திறந்து, விளக்கடித்து, சுழலிகளிலும் உறைச்சுவரிலும் உரசல் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சுத்தமாக இருந்தால் மேல் கப்பியை 48 பல்லிலிருந்து 46-க்கு மாற்றலாம். விகிதம் 0.78 ஆகும். மீண்டும் ஓட்டி, மீண்டும் கழற்றிப் பார்க்க வேண்டும்.